உப்பு ஏறிய சனிக்கிழமைகள்

26.10.2024 — 212 லிட்டர் — 4 கிராம்
2.11.2024 — 209 லிட்டர் — 4 கிராம்
9.11.2024 — 218 லிட்டர் — 6 கிராம்
16.11.2024 — 236 லிட்டர் — 14 கிராம்
23.11.2024 — 261 லிட்டர் — 31 கிராம்
30.11.2024 — 290 லிட்டர் — 58 கிராம்
7.12.2024 — 314 லிட்டர் — 83 கிராம்

ஏழும் சனிக்கிழமைகள். தேதிக்கு அடுத்து இருப்பது அந்த வாரம் கிடைத்த ஆசிட்டின் அளவு. கடைசியில் இருப்பது அந்த ஆசிட்டில் லிட்டருக்கு எத்தனை கிராம் உப்பு இருந்தது என்பது. எழுதியவர் எபிசன். நீல மைப் பேனா, பக்க எண் அச்சடித்த கட்டுப் புத்தகம், 141ஆம் பக்கம் முதல் 147ஆம் பக்கம் வரை. அடித்தல் திருத்தல் ஒன்றும் கிடையாது.

எபிசன் பிறந்தது 14.5.1973, குலசேகரத்துக்குப் பக்கத்துச் சிற்றூரில். ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்துவிட்டு 3.9.2001 அன்று வளைகுடாவுக்கு விமானம் ஏறினார். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை. 27.3.2021 அன்று திரும்பினார். இடைப்பட்டது பத்தொன்பது வருடம், ஆறு மாதம், இருபத்துநான்கு நாள். அங்கே அவர் கற்றுக்கொண்டது, தண்ணீரைப் பிரிக்கும் சவ்வுக்கு மூன்று எமன் உண்டு என்பது. அழுக்கு, காய்ந்துபோதல், குளோரின். அழுக்கைக் கழுவிவிடலாம். காயாமல் நனைத்து வைக்கலாம். குளோரின் தின்ற சவ்வை மட்டும் யாராலும் மீட்க முடியாது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தொட்டாலும் தெரியாது. வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஓட்டையாகிக்கொண்டே போகும்.

ஊருக்கு வந்து ஒன்றரை வருடம் சும்மா இருந்த பிறகு தோவாளையில் இந்த வேலை கிடைத்தது. பூச்சந்தையைத் தாண்டி ஒரு கிலோமீட்டரில், வாழைத் தோப்புக்கு நடுவே, வெளியூர்க் கம்பெனி ஒன்று சோதனைக்காகப் போட்ட சிறிய ஆலை. சந்தையில் விலைபோகாமல் வாடிய கேந்தியும் அரளியும் கோழிக்கொண்டையும் ஒரு வண்டியில் வரும். நாகர்கோவில் ஹோட்டல்களின் எச்சில் கழிவு இன்னொரு வண்டியில் வரும். எல்லாவற்றையும் அரைத்துக் காற்றுப் புகாத தொட்டியில் ஐந்து நாள் விடுவார்கள். அதற்கு மேலும் விட்டால் எரிவாயுவாகிவிடும். அதற்கு முன்பே நிறுத்தினால் கிடைப்பது புளித்த கறுப்புத் தண்ணீர். வினிகரில் இருக்கும் அமிலமும் அதன் சொந்தபந்தங்களும் அதற்குள் இருக்கும்.

அந்தக் கறுப்புத் தண்ணீர் மூன்று சவ்வுகளைத் தாண்ட வேண்டும். முதலாவது சகதியை நிறுத்தும். இரண்டாவது நிறத்தையும் உப்பையும் நிறுத்தி அமிலத்தை மட்டும் அப்பால் விடும். மூன்றாவது தண்ணீரை வெளியேற்றி அமிலத்தைக் கெட்டியாக்கும். கடைசியில் வருவது இளமஞ்சள் நிற ஆசிட். மாவட்டத்தின் மேற்கே ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு ஆசிட் இல்லாமல் ஒருநாள் ஓடாது. மரத்திலிருந்து எடுத்த பாலில் ஆசிட்டை ஊற்றினால்தான் அது உறையும். உறைந்ததை உருளையில் கொடுத்துத் தட்டையாக்கிப் புகைப்புரையில் தொங்கவிட்டால்தான் ஷீட். இதுவரை கடை ஆசிட் வாங்கியவர்களுக்குக் கழிவிலிருந்து எடுத்த ஆசிட்டைக் கொடுத்துப் பார்க்கலாம் என்பது கம்பெனியின் திட்டம். 17.6.2024 அன்று பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் சங்கத்தில் பதினான்கு பேர் சோதனைக்கு ஒப்புக்கொண்டார்கள். சோதனை நல்லபடியாக முடிந்தால் ஆலை நிரந்தரம். எபிசனின் வேலையும் நிரந்தரம். அவர் மகள் நர்சிங் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

ஆலையின் நாற்றத்தைச் சொல்லி முடியாது. முடை நாறும் ஆட்டுக்கடாவையும் கெட்டுப்போன வெண்ணெயையும் ஒரே சாக்கில் கட்டியதுபோல் இருக்கும். முதல் மாதத்திலேயே எபிசனின் மூக்கு அதற்கு மரத்துப்போனது. மற்றவர்கள் மூக்கு மரக்கவில்லை. மாலை பஸ்ஸில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் அவருக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது, பக்கத்து இடமும் காலியாகவே வந்தது. மனைவி பிரீனா வேலைச் சட்டையை வீட்டுக்குள் ஏற்றுவதே இல்லை.

பதினான்கு பேரில் ஒருத்தி நேசபாய். பிரீனாவின் தாய்மாமன் மனைவி, எபிசனுக்கும் மாமிதான். வயது அறுபத்தொன்று. புருஷன் இறந்து பதினொரு வருடம் ஆகிறது. இருநூற்று முப்பது மரம். பால்வெட்டுக்கு மட்டும் ஆள் வருவான். பால் அரிப்பது, உறைய வைப்பது, உருளையில் அடிப்பது, புகை போடுவது எல்லாம் அவள் கை. சங்கத்தில் அவள் ஷீட்டை யாரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது இல்லை. நேசபாயின் கட்டு என்றால் அப்படியே தராசில் ஏற்றுவார்கள். அந்தப் பெயரை அவள் முப்பத்துநான்கு வருடத்தில் சம்பாதித்திருந்தாள். புது ஆசிட்டை வாங்க அவள் தயங்கியபோது எபிசன்தான் நேரில் போய், தன் பொறுப்பு என்று சொல்லி வாங்க வைத்தார்.

2.11.2024 சனிக்கிழமை. தீபாவளி முடிந்து இரண்டாம் நாள். வாரம் முழுக்க மழை. ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓடாது என்பதால் சனிக்கிழமை மாலையில் இரண்டாம் சவ்வைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவி, அதே தண்ணீரில் ஊற வைத்துவிட்டுப் போவது வழக்கம். கழுவுவதற்கு முன் அந்தத் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறிய கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மூன்று சொட்டு மருந்து விட்டால் போதும். மஞ்சளானால் குளோரின். வளைகுடாவில் எபிசன் எப்போதும் இரண்டு குழாய் வைத்துப் பார்ப்பார். ஒன்றில் மருந்து விட்டது, மற்றதில் வெறும் தண்ணீர். தோவாளையிலும் அப்படித்தான் பார்த்துவந்தார். ஆகஸ்டில் ஒரு குழாய் கைதவறி உடைந்தது. இன்னொன்று கேட்டு வாங்கவில்லை.

அன்று மாலை 3.40க்கு ஒரே குழாயில் சோதித்தார். தண்ணீர் லேசான மஞ்சளாக இருந்தது. மழைக்குப் பிறகு அந்தக் கிணற்றுத் தண்ணீர் செம்மண் கலங்கி மஞ்சளாகத்தான் இருக்கும். புத்தகத்தில், ‘நிறம் லேசான மஞ்சள். மழைக் கலங்கல்’ என்று எழுதினார். நான்கு மணிக்குக் கழுவினார். மோட்டார் சுவிட்ச் ஆலைக்குள்ளே இருந்ததால் கிணற்றடிக்குப் போகவில்லை. போயிருந்தால் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்த தேதியைப் பார்த்திருப்பார். மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு பரவாமல் இருக்கக் கிணறுகளுக்குப் பிளீச்சிங் பவுடர் போட வரும் சுகாதாரப் பணிப்பெண் அன்று பகல் பதினோரு மணிக்கு வந்து, கிணற்றைப் பங்கிட்டுக்கொள்ளும் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் பவுடரைப் போட்டுப் போயிருந்தாள். அவள் வேலையை அவள் சரியாகச் செய்தாள். பிளீச்சிங் வாடையை வேறு எந்த மூக்கும் பத்தடி தூரத்தில் பிடித்திருக்கும். எபிசனின் மூக்குக்கு எட்டவில்லை.

அடுத்த வாரம் ஆசிட் ஒன்பது லிட்டர் கூடியது. அதற்கடுத்த வாரம் பதினெட்டு. சவ்வு ஓட்டையாக ஆக அதன் வழியே அதிகம் ஓடும் என்பது பிட்டருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கூடுகிறபோது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, குறைந்தால்தான் வரும். உப்பும் கூடுவதை அவர் கண்டார். 23ஆம் தேதி மேனேஜருக்குப் போனில் செய்தி அனுப்பினார். மேனேஜர் அனில்குமார் நாகர்கோவில்காரர், முப்பத்துநான்கு வயது. தீபாவளியும் கல்யாண முகூர்த்தமும் சேர்ந்து வந்ததால் ஹோட்டல் கழிவில் ஊறுகாயும் குழம்பும் அதிகம், உப்பு ஏறத்தான் செய்யும் என்று பதில் போட்டார். எபிசனும் அதை நம்பிக்கொண்டார். 30ஆம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெட்டி லட்டு வந்தது. அனில்குமார் எல்லாரையும் கேன்களுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்.

“அண்ணே, இருநூத்தி தொண்ணூறு லிட்டர். சிரிங்கண்ணே. பல்லுவேதனக்காரன் மாதிரி நிக்காதிய” என்றார்.

அந்தப் படத்தில் எபிசன் சிரிக்கிறார்.

8.12.2024 ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேசபாய் வரச் சொன்னாள் என்று பிரீனாவும் எபிசனும் போனார்கள். மாமி அவர்களைப் புகைப்புரைக்குள் கூட்டிப்போய் ஒரு ஷீட்டை இறக்கி அவர் கையில் கொடுத்தாள். நாலு நாளில் காயவேண்டிய ஷீட், பதினொரு நாளாகியும் ஈரம் விடாமல் கையில் பிசுபிசுத்தது. நடுவில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. ஓரத்தில் பூசணம். கணக்குப் பார்த்தால் நானூற்றுப் பன்னிரண்டு ஷீட் அப்படி இருந்தன.

“பால் உறைய நேரமாவுது மக்கா. மொதல்ல சொன்ன அளவு பத்தல்ல. அதனால ரெண்டு மடங்கு ஊத்தினேன். அதுல தப்பிருக்குமா?” என்று கேட்டாள்.

பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார் எபிசன்.

மறுநாள் காலையில் ஆலைக்குப் போனதும் புத்தகத்தைப் பிரித்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். உப்பு எந்த வாரம் ஏறத் தொடங்கியது என்று பின்னோக்கிப் போனால் விரல் 2.11.2024இல் நின்றது. ‘லேசான மஞ்சள்’ என்ற தன் எழுத்தை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு எழுந்து வாழைத் தோப்புக்குள் நடந்து கிணற்றடிக்குப் போனார். சுண்ணாம்புக் கட்டி எழுத்து மழையில் பாதி அழிந்திருந்தது. 2ம் 11ம் மட்டும் தெளிவாக இருந்தன. பஞ்சாயத்துக்குப் போய்ப் பணிப்பெண்ணின் நோட்டையும் பார்த்தார். அவளும் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தாள். நேரம், கிணறு, போட்ட பவுடர் எத்தனை கிராம்.

10ஆம் தேதி அனில்குமாரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அனில்குமார் கோபப்படவில்லை. முகம் மட்டும் வெளிறியது. இரண்டே நாளில் கையிருப்பில் இருந்த புதுச் சவ்வை மாட்டச் சொன்னார். தலைமை அலுவலகத்துக்கு ‘வழக்கமான மாற்றம்’ என்று எழுதினார். பதினான்கு பேரில் பதின்மூன்று பேரின் ஷீட் நன்றாக இருக்கிறது, ஒருத்தியுடையது மட்டும் கெட்டிருக்கிறது, அப்படியானால் கெட்டது ஆசிட்டா அவளா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, சோதனை முடியும் 31ஆம் தேதி வரைக்கும் பொறுக்க வேண்டும் என்றும், அந்தப் பக்கங்களை உப்புக் கணக்கை மாற்றிப் புது நோட்டில் எழுதித் தர வேண்டும் என்றும் சொன்னார்.

எபிசன் புது நோட்டில் எழுதவில்லை. பழைய புத்தகத்தை வெளியே காட்டவும் இல்லை. மேஜை இழுப்பறையின் அடியில் வைத்தார்.

அந்த நான்கு வாரம் அவர் நடந்துகொண்டதை அவரே பிறகு பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறார். பதின்மூன்று பேருடையது நன்றாக இருக்கிறதே என்ற சொல்தான் அவருக்கு ஒதுங்க ஒரு கூரையாக இருந்தது. மாமிக்கு வயதாகிவிட்டது, கண் மங்கியிருக்கும், அளவு தவறியிருப்பாள், பாத்திரத்தில் ஏதாவது இருந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதை நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. 21ஆம் தேதி, சங்கம் சோதனைக்கு அனுப்பிய நேசபாயின் ஷீட்டுக்கு முடிவு வந்தது. ஷீட்டில் உப்பு.

ரப்பர்காரர்களுக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான். உப்பு ஈரத்தை இழுத்து வைக்கும். ஈரம் எடையைக் கூட்டும். எடைக்காக நேசபாய் பாலில் உப்பைக் கலந்துவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு அவள் வழக்கம்போல் ஒரு தூக்கு நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரத்துடன் வந்தாள். சங்கத்தில் ஏதோ குசுகுசு என்று பேசுகிறார்கள், தன்னைக் கண்டதும் நிறுத்துகிறார்கள் என்று பிரீனாவிடம் சொன்னாள். எபிசன் பின்பக்கம் போய்த் தென்னைக்குத் தண்ணீர் விட்டார். அன்று காலையில்தான் மழை பெய்திருந்தது.

5.1.2025 ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கக் கூட்டம். ஆலையின் சார்பில் அனில்குமார் முன்வரிசையில் இருந்தார். எபிசன் கடைசி வரிசையில் இருந்தார். செயலாளர் தீர்மானத்தை வாசித்தார். நேசபாயின் ஷீட்டை இனிச் சங்கம் எடுக்காது. விசாரணை முடியும் வரை அவள் பெயர் கலப்படப் பட்டியலில் இருக்கும். பட்டியல் சுவரில் ஒட்டப்படும். அதில் ஏற்கெனவே நான்கு பேர் இருந்தார்கள், பாலில் மண் கலந்தவர்கள்.

நேசபாய் எழுந்து நின்றாள். தான் ஆலை தந்த ஆசிட்டைத் தவிர வேறு எதையும் தொடவில்லை என்று சொன்னாள். ஒரு தடவைதான் சொன்னாள். பிறகு கண்களால் எபிசனைத் தேடினாள். அவர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்து எல்லாரும் எதிரே டீக்கடையில் நின்றார்கள். சோதனைக்கு ஒப்புக்கொண்ட பதினான்கு பேரில் ஸ்மைலின் என்பவன் எபிசனுக்குத் தூரத்துப் பழக்கம். சிரித்த முகக்காரன். அவன் டீயை ஆற்றிக்கொண்டே, உப்புக் கேஸ் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது என்று பேச்சைத் தொடங்கினான். எபிசன், உங்கள் ஷீட்டெல்லாம் நன்றாகத்தானே வந்தது என்று கேட்டார்.

“வராம? புது ஆசிட்ட மட்டும் நம்பி பால ஊத்த எங்களுக்கு என்ன கிறுக்கா அண்ணே? நவம்பர்லயே உறையல்லன்னு கண்டாச்சு. அப்பம் தொட்டு கடை ஆசிட்டாக்கும் முக்காவாசி. உங்க கேனு சும்மா பேருக்கு.”

“எல்லாருமா?”

“பதிமூணு பேரும். கம்பெனிக்காரன் பொல்லாப்பு எதுக்குன்னு யாரும் சொல்லல்ல. உங்களுக்க மாமி மட்டும் மருமவன் தந்ததுன்னு முழுசும் அதையே ஊத்தினாவ.”

டீ கையில் ஆறிப்போனது. ஸ்மைலின் அதைக் கவனித்து, சுக்குக் காப்பி சொல்லட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று எபிசன் நடந்தார்.

அன்று யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஆறு நாளும் சொல்லவில்லை. 12ஆம் தேதி காலையில், ஆராதனைக்குப் புறப்படும் நேரத்தில், பிரீனாவிடம் முழுவதையும் சொன்னார். அவள் சேலை மடிப்பைப் பிடித்தபடி கேட்டாள்.

“அப்ப இந்த ஒரு மாசமா இத மனசுல வச்சிட்டா எனக்க கையால சோறு தின்னிய?”

வேலை போய்விடும் என்றார். அவளும் அதை யோசித்ததுபோல் கட்டிலில் உட்கார்ந்தாள். மகளின் படிப்பு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. கோயில் மணி இரண்டாம் தடவை அடித்தது. பிரீனா எழுந்து, தான் கோயிலுக்குப் போகிறேன், நீங்கள் மாமி வீட்டுக்குப் போங்கள் என்றாள். கூட வரமாட்டேன், அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியாது என்றும் சொன்னாள்.

நேசபாய் அன்று கோயிலுக்குப் போகவில்லை. புகைப்புரையில் கெட்ட ஷீட்டுகளை இறக்கி எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். எபிசன் வாசலில் நின்றார்.

“மாமி, ஷீட்டுல உப்பு வந்தது உங்க கையால இல்ல. எனக்க கையாலயாக்கும்.”

அவள் எண்ணுவதை நிறுத்தவில்லை. அந்த அடுக்கு முடிந்ததும்தான் திரும்பினாள். அவர் கிணற்றையும் சவ்வையும் ஒற்றைக் குழாயையும் சொன்னார். அவள் அவ்வளவும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டாள்.

“இது உனக்கு எப்பம் தெரியும்?”

“டிசம்பர் ஒம்பதாம் தேதி.”

“அப்ப முந்திரிக்கொத்து கொண்டு வந்தப்பம் தெரியும்.”

“தெரியும்.”

“சங்கத்துல எனக்க பேர வாசிச்சப்பமும் நீ பின்னால இருந்தா.”

“இருந்தேன் மாமி.”

நேசபாய் ஒரு ஷீட்டை எடுத்து அதன் பூசணத்தைக் கட்டைவிரலால் சுரண்டினாள். “உனக்க மாமன அடக்கம் செஞ்ச மூணாம் நாளு நான் பால் உறைய வச்சவளாக்கும். ஒரு ஷீட்டுக்குக்கூட ஒருத்தன் குறை சொன்னதில்ல. இப்ப மண்ணு கலக்குனவனுவளுக்க கீழ எனக்க பேர ஒட்டியிருக்கு. பஸ்ஸுக்கு நிக்கப் பயமா இருக்கு எனக்கு.”

எபிசன் மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தார். அவள் கையை ஓங்குவதுபோல் தூக்கி அவரை நிறுத்தினாள்.

“இஞ்ச வந்து எங்கிட்ட சொன்னா அந்தச் செவுத்துல உள்ளது போவுமா? எழுதித்தான உனக்குப் பழக்கம். போய் எழுது.”

அடுத்த அடுக்கை எண்ணத் தொடங்கினாள்.

13.1.2025 திங்கட்கிழமை எபிசன் கடிதம் எழுதினார். மூன்று பக்கம். இரண்டு படி. ஒன்று தலைமை அலுவலகத்துக்கு, இன்னொன்று ரப்பர் சங்கச் செயலாளருக்கு. புத்தகத்தின் 141 முதல் 147 வரையான பக்கங்களின் நகலையும், பணிப்பெண்ணின் நோட்டில் அந்த நாளுக்கான வரியைப் பார்த்து எழுதிய படியையும் இணைத்தார். கடிதத்தில் வருத்தம், வேண்டுதல் என்று எதுவும் இல்லை. முக்கியமான பகுதி இது:

‘2.11.2024 மாலை 3.40க்கு நான் ஒரே குழாயில் மட்டும் சோதித்தேன். வெறும் தண்ணீர் வைத்த இரண்டாம் குழாயோடு ஒப்பிட்டிருந்தால் குளோரின் என்று தெரிந்திருக்கும். ஒப்பிடாதது என் தவறு. 9.12.2024 அன்று காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. 5.1.2025 கூட்டத்தில் நான் இருந்தும் சொல்லவில்லை. அதுவும் என் தவறு. திருமதி நேசபாய் ஆலை தந்த ஆசிட்டைத் தவிர வேறு எதையும் பாலில் சேர்க்கவில்லை. அவர் ஷீட்டில் இருந்த உப்பு ஆலையின் உப்பு.’

சவ்வு மாற்றத்தை மறைத்தது பற்றி அனில்குமாரின் பெயரை அவர் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் தேதிகளைச் சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ஆலைக்குப் போய் அனில்குமாரிடம் ஒரு நகலைக் கொடுத்தார்.

அனில்குமார் நின்றபடியே மூன்று பக்கத்தையும் வாசித்தார். “ஒரு வார்த்த என்கிட்ட கேட்டியளா அண்ணே? இந்த ஆலைக்காவ மூணு வருசமா நான் நாயா அலைஞ்சேன். நீங்க ஒரு ஸ்டாம்ப ஒட்டி நல்லவரு ஆயிட்டிய.” அதில் பாதி நியாயம் இருந்தது என்றுதான் எபிசன் இன்றும் சொல்கிறார். அதன்பிறகு அனில்குமார் அவரை அண்ணே என்று கூப்பிடவில்லை.

29.1.2025 அன்று தலைமை அலுவலகத்திலிருந்து முதல் பதில் வந்தது. விசாரிக்க ஆள் வருவார்கள் என்று இருந்தது. 4.2.2025 அன்று இரண்டு பேர் வந்தார்கள். கழற்றி வைத்திருந்த பழைய சவ்வை நீளவாக்கில் அறுத்து விரித்தார்கள். உள்ளே பார்க்கப் பளபளவென்று புதிதுபோலத்தான் இருந்தது. சாயம் கலந்த தண்ணீரை அதில் ஊற்றிக் கழுவினார்கள். நல்ல சவ்வாக இருந்தால் சாயம் வழிந்து போய்விடும். இது குடித்துக்கொண்டது. முழ நீளத்துக்குச் சிவப்பு ஏறியது. வந்தவர்களில் மூத்தவர் புத்தகத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான பதிவேட்டைத் தான் எங்கேயும் பார்த்ததில்லை என்றார். எபிசனுக்கு அது செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

14.2.2025 அன்று இரண்டாம் கடிதம் அவர் பெயருக்கு வந்தது. மாத இறுதியோடு ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிப்பு இல்லை. ஆலையையும் மறு உத்தரவு வரும்வரை நிறுத்தினார்கள். அனில்குமாரை வேறு மாநிலத்துக்கு மாற்றினார்கள். வாடிய பூ ஏற்றும் வண்டி மறுபடியும் பழையபடி ரோட்டோரம் கொட்டத் தொடங்கியது. எபிசன் இப்போது திங்கள்சந்தையில், குடிநீர் கேன் அடைக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறார். சம்பளம் முன்பு வாங்கியதில் ஐந்தில் மூன்று பங்கு. பஸ்ஸில் பக்கத்தில் ஆள் உட்காருகிறார்கள்.

சங்கத்திலிருந்து மட்டும் பதிலே இல்லை. தீர்மானத்தை மாற்ற வேண்டுமானால் கமிட்டி கூட வேண்டும், கமிட்டி கூட வேண்டுமானால் ஆள் சேர வேண்டும் என்று இழுத்துக்கொண்டே போனார்கள். பதின்மூன்று பேரும் கடை ஆசிட் கலந்ததை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததுதான் உண்மைக் காரணம் என்று ஸ்மைலின் சொன்னான். கடைசியில் அவன்தான் முதலில் அதை எழுதிக் கொடுத்தான். நேசபாயின் வீட்டில் புது ஷீட்டுகள் விற்பனைக்குப் போகாமல் முன் அறை வரை அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கடை ஆசிட்டில் செய்தவை. கண்ணாடிபோல் இருந்தன. வெளி வியாபாரி ஒருவன் வந்து, பட்டியலில் பெயர் இருக்கும்போது இரண்டாம் தரத்துக்கு மேல் போட முடியாது என்றான். அவள் கொடுக்கவில்லை. அடுக்கு உயர்ந்துகொண்டே போனது.

எபிசன் ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை முடிந்து சங்கத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தார். ஐந்தாவது பெயர் அங்கேயே இருந்தது. மாமி வீட்டுக்குப் பிரீனா மட்டும் போய்வந்தாள். மருமகனைப் பற்றி மாமி கேட்பதும் இல்லை, பிரீனா சொல்வதும் இல்லை.

கமிட்டி மார்ச் முதல் வாரம் கூடியது. 5.1.2025 தீர்மானம் ரத்து செய்யப்பட்டது என்றும், திருமதி நேசபாயின் ஷீட்டில் கலப்படம் எதுவும் இல்லை என்றும், அவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது என்றும், வழக்கம்போல் ஷீட் கொண்டுவரலாம் என்றும் நான்கு வரியில் கடிதம் போட்டார்கள். வருந்துகிறோம் என்று ஒரு சொல்லும் அதில் கிடையாது. நேசபாய் அதை இரண்டு தடவை வாசித்தாள். மாலையில் வந்த பிரீனாவிடம் நீட்டினாள். பிரீனா போனில் படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது, எதற்கு என்று கேட்கவில்லை. எடுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. உலைக்கு அரிசி களைய உள்ளே போனாள். பிரீனா எடுத்துக்கொண்டாள்.

அந்தக் கடைசிக் கடிதம் நேசபாயின் கைக்கு வந்த நாள் 11.3.2025, செவ்வாய்க்கிழமை.